செபக் கருத்துப் பெட்டி

புதிய தலைமை ஆசிரியையின் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட விழா மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் கிறிஸ்தவ நோக்கும் செப வாழ்வும் எவ்வாறு வளர்க்கப்பட்டன என்று எழுதினால் இளைய ஆசிரியர்கள் படித்துப் பயன்பெறுவார்களாம். இந்த வருடம் வகுப்பறைதோறும் ஒரு செபக் கருத்துப் பெட்டி வைக்க யோசித்திருப்பதாகவும், அது முற்றிலும் புதிய முயற்சி என்றும் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார்.

புதிய முயற்சியாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடியும் வாசித்தேன். மன்னார்த் தீவின் கரையில் உள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வெண்கட்டித் தூளை விழுங்கியவள் நான். எத்தனையோ புதிய முயற்சிகள் பிறந்து, வளர்ந்து, கறையான் பிடித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெட்டி என்ற சொல்லைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஆகவே தங்கச்சி, நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தோடு சேர்ந்த கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தேன். எப்படி நிற்பது, எப்படி முழங்காலிடுவது, சேலைக் கரை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையெல்லாம் திருத்தமாகப் படிப்பித்தார்கள். பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று ஒரு பாடமும் இருக்கவில்லை. அந்தப் படிப்போடு இருபத்திரண்டாவது வயதில் இந்த மீனவர் கிராமத்துக்கு வந்து இறங்கினேன். வெள்ளைக்காரன் ஆட்சி, வெள்ளைக்காரச் சாமி, பனையோலைக் கூரை, தரையெல்லாம் மணல்.

பள்ளிக்கூடத்துக்கு மனேச்சர் பங்குச்சாமிதான். நல்ல உயரம், சிவந்த மூக்கு, இடுப்பில் பெரிய செபமாலை. தமிழைப் பழைய செபப் புத்தகங்களில் இருந்து படித்தவர். அதனால் கோழிமுட்டை வாங்கினாலும் மன்றாட்டுப் போலத்தான் பேசுவார். முட்டைக்காரி ஒருத்தி அவர் பேசி முடிந்ததும் பழக்கத்தில் "ஆமென்" என்று சொல்லிவிட்டுப் போனதாக ஊரில் ஒரு கதை உண்டு. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்லவர், சுறுசுறுப்பானவர், ஒரு யோசனை வந்தால் அதை முடிக்காமல் சாப்பிட மாட்டார்.

தலைமை வாத்தியாரைப் பெரிய வாத்தியார் என்போம். உருவத்தில் சின்னவர். சாமி தும்மினால் இவர் மூக்கைத் துடைப்பார்.

அக்காலத்துச் சட்டப்படி சமயப் பாடத்தைக் காலையில் முதல் மணித்தியாலத்திலேயே முடித்துவிட வேண்டும். வேற்றுச் சமயப் பிள்ளைகள், பெற்றோர் கடதாசி கொடுத்தால், அந்த நேரம் வெளியே இருக்கலாம். எங்கள் பள்ளியில் அப்படி இருந்தவன் ஒருவன்தான். எருக்கலம்பிட்டியில் இருந்து வந்து எங்கள் ஊரில் கடை வைத்திருந்த வியாபாரியின் மகன் காசிம். உள்ளே நாங்கள் முழங்காலில் நிற்க, அவன் வெளியே பெருக்குமரத்தின் கீழ் தனியாகப் போளை, அதுதான் கோலிக்குண்டு, அடித்துக்கொண்டிருப்பான். எங்கள் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தை உதட்டால் சொல்லிக்கொண்டு கண்ணால் போளையை எண்ணுவார்கள்.

சாமிக்கு இது மனவருத்தம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உபாத்தினியே, இந்தப் பிள்ளைகள் உதடுகளினால் மன்றாடுகிறார்கள். இவர்களுடைய இருதயம் எங்கே இருக்கிறது?"

கரைவலையில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு, உப்புக் காய்ந்த கையோடு, வெறும் வயிற்றோடு வந்து முழங்காலில் நிற்கிற பிள்ளைகள் அவர்கள். ஆனால் நான் வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். "ஓம் சாமி, கவலையான விசயந்தான்" என்றேன். எனக்கும் மூக்குத் துடைக்கத் தெரியும்.

அந்தக் கவலையில் பிறந்ததுதான் செபக் கருத்துப் பெட்டி. கோயிலுக்கு மெழுகுதிரி வந்த பலகைப் பெட்டி ஒன்றைத் தச்சனிடம் கொடுத்து, மூடியில் துவாரம் வெட்டி, பித்தளைப் பூட்டுப் போட்டார். பூட்டின் திறப்பு அவருடைய செபமாலையோடு தொங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் மனதில் இருக்கிற மன்றாட்டைத் துண்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அந்தத் துண்டுகள் யாரும் வாசிக்காமல் பீடத்தின் முன் எரிக்கப்படும். புகை நேராக மேலே போகும்.

"ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், பயப்படாமல் எழுதுங்கோ" என்று நானும் வகுப்பில் சொன்னேன். அப்படியே நம்பவும் செய்தேன். முடிவில் ஆமென் போட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

மனதில் இருப்பதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். பெரிய வாத்தியார் அதற்கும் வழி கண்டார். கரும்பலகையில் மாதிரி எழுதிப் போட்டார்: உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக. பாப்பரசரின் கருத்துகளுக்காக. மழைக்காக. பிள்ளைகள் அப்பாடா என்று பார்த்து எழுதினார்கள். மன்னார்த் தீவின் ஒரு மூலையில் இருந்து, செத்தவர்களின் ஆத்துமாக்கள் பாவம் கழிக்கும் அந்த உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு அந்த மாதம் போன சிபாரிசு கொஞ்சமில்லை.

இரண்டாம் மாதம் காசிம் என்னிடம் வந்தான்.

"ரீச்சர், எனக்கும் ஒரு துண்டு தாங்கோ."

"உனக்கெதுக்கடா?"

"எனக்கும் ஒரு மன்றாட்டு இருக்கு."

கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கத்துக்கு ஏறிய சாமியின் குரல் தழுதழுத்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை, ஒரே ஒரு குழந்தை, எழுதியிருக்கிறது என்றார். அங்கியின் கையில் இருந்து துண்டை எடுத்து விரித்து, கோயில் முழுவதும் கேட்க வாசித்தார்: "காலைமைச் செபம் இன்னும் கனநேரம் நடக்க வேணும். ஆமென்."

தாய்மார் மூக்கைச் சிந்தினார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை தொடக்கம் காலைச் செபம் பத்து நிமிடம் கூடியது. காசிம் பெருக்குமரத்தின் கீழ் இரண்டாவது ஆட்டமும் அடித்தான். அரசாங்கத்தின் சட்டமும் சாமியின் பக்தியும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு உண்மையான நன்மை செய்ததை என் சேவைக் காலத்தில் அந்த ஒரு முறைதான் கண்டேன்.

ஒரு வாரம் நினைத்து நினைத்துச் சிரித்தேன். எரிப்பதாகச் சொன்ன துண்டு எப்படிச் சாமியின் கைக்கு வந்தது என்று யோசிக்கவில்லை. அதாவது, சாமி எல்லாத் துண்டையும் வாசிக்கிறார் என்று அன்றைக்குக் கோயிலில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் விளங்கியது. பயிற்றப்பட்ட ஆசிரியையான எனக்கு விளங்கவில்லை.

என் ஐந்தாம் வகுப்பில் லூசியா என்று ஒரு பிள்ளை இருந்தாள். அது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. தகப்பன் ஒரு சம்மாட்டி, சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் செய்கிறவர். திருநாளில் சொரூபம் சுமக்கும்போது முன் தோள் அவருடையது. மெதுவாகப் பேசுவார். வழியில் கண்டால் சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை படிக்கிறாளோ ரீச்சர்? குழப்படியெண்டால் சொல்லுங்கோ" என்பார். சில நாட்களில் விளைமீன் கொடுத்தனுப்புவார். நல்ல மீன். நானும் சமைத்துச் சாப்பிட்டேன்.

லூசியா இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதக் கூடாது. இறுதித் தீர்வை நாளில் இடப்பக்கம் நின்று நரகத்துக்குப் போகிறவர்கள் யார் என்று தெரியுந்தானே என்று பெரிய வாத்தியார் கேட்பார். அந்தக் கையை லேஞ்சித் துணியால் வாங்குப் பலகையோடு சேர்த்துக் கட்டச் சொன்னவரும் அவர்தான். அவர் இல்லாத நேரங்களில் நான் கட்டை அவிழ்த்துவிடுவேன். அப்போது அவள் எழுதுவதைப் பார்க்க வேண்டும். வலக்கையில் நொண்டுகிற எழுத்து இடது கையில் ஓடும். ஆனால் இடப்பக்கம் சாயும். எழுதிய வரியின் மேல் உள்ளங்கை இழுபட்டு, துண்டு முழுவதும் பென்சில் கரி பூசியிருக்கும். கட்டை அவிழ்த்துவிடுகிற அளவுக்கு நான் நல்லவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது.

அவளுடைய முழங்கைக்கு மேல் சில நாட்களில் கோடுகள் இருக்கும். மெல்லிய கோடுகள், ஓரம் கிழிந்த மாதிரி. ஒருமுறை கேட்டேன்.

"என்ன பிள்ளை இது?"

"மட்டி கிழிச்சது ரீச்சர்."

மட்டி முழங்கைக்கு மேல் ஏறி வந்து கிழிக்காது. காயவைத்துச் சவுக்காக வீசுகிற திருக்கைவால் அடித்த கோடு எப்படி இருக்கும் என்று அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். "கவனமா இறங்கு" என்று சொல்லி மருந்து பூசினேன். அதற்குமேல் தெரிந்துகொள்ளாமல் இருக்க மிகவும் கவனமாக இருந்தேன்.

மூன்றாம் மாதம் முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சாமி பெரிய வாத்தியாரையும் என்னையும் தன் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். மேசையில் பெட்டி திறந்திருந்தது. துண்டுகள் மாதிரிப்படி ஆத்துமாக்கள் ஒரு குவியல், பாப்பரசர் ஒரு குவியல், மழை ஒரு குவியலாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. தனியாக ஒரு துண்டு சாமியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் கீழ் இருந்தது. அதை எங்கள் பக்கம் தள்ளினார்.

"எங்கட அப்பா கடலுக்குப் போனால் திரும்பி வரக் கூடாது. ஆமென்."

எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வரியின் மேல் கரி இழுபட்டிருந்தது.

"இது ஒரு சிறு கரத்தினால் எழுதப்பட்டது. எழுதுவித்தவன் யார்?" என்றார் சாமி.

"இது பதிதற்ற பள்ளிக்கூடத்து ஆக்களின்ர வேலை சாமி. ஆரையோ பிடிச்சு எழுதிப் போட்டிருக்கினம்" என்றார் பெரிய வாத்தியார். பதிதர் என்றது புரட்டஸ்தாந்துக்காரரை. அவர்களுடைய பள்ளிக்கூடம் பத்துக் கட்டைத் தூரத்துக்கு அப்பால் இருந்தது.

யார் எழுதினார், யார் எழுதுவித்தார் என்று அரை மணித்தியாலம் பேசினார்கள். ஒரு பிள்ளை ஏன் இப்படி எழுதும் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கு அப்போது ஒரே யோசனைதான்: கண்டுபிடித்தால் சாமி தகப்பனைக் கூப்பிடுவார். நல்ல மனிதர் அல்லவா, தகப்பனையும் மகளையும் சேர்த்து முழங்காலில் வைத்துச் சமாதானம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதன்பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்?

பெரிய வாத்தியார் உபாயம் சொன்னார். எல்லா வகுப்புக்கும் சொல்வதெழுதுதல் வைப்பது, அதில் அதே சொற்களை ஒளித்து வைப்பது, எழுத்தை ஒப்பிடுவது. சாமிக்குச் சந்தோசம். பசியையும் மறந்து அங்கேயே பந்தியை எழுதினார்: "அப்பா கடலுக்குப் போனார். காற்று எழும்பியது. அம்மா செபித்தாள். அவர் திரும்பி வந்தார். கூடாத எண்ணங்களை நாம் விலக்க வேண்டும்." ஒரு குழந்தையைப் பிடிக்க இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கண்ணி முடைந்தார்கள்.

திங்கட்கிழமை என் வகுப்பில் பெரிய வாத்தியார் வாசலில் நின்றார். நான் வாசித்தேன். அன்று கட்டியிருக்காத லூசியாவின் இடது கை பென்சிலை நோக்கிப் போனது. பிரம்பால் மேசையில் ஓங்கி அடித்து வகுப்பு முழுவதற்கும் கத்தினேன்.

"எல்லாரும் வலக்கையால எழுதுங்கோ! சட்டம் தெரியாதோ?"

பெரிய வாத்தியார் மெச்சித் தலையாட்டினார். லூசியா வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். எழுத்து நொண்டியது. அன்று மாலை அறைவீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அந்தத் துண்டின் எழுத்து பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கும் பொருந்தவில்லை. இவர்களுடைய மூடச் சட்டத்தைக் கொண்டே இவர்களை முட்டாளாக்கினேன் என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. லூசியாவிடமும் விடவில்லை. தெரியும் என்று காட்டினால் பிள்ளை கூச்சப்படும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

துண்டைப் பதிதர் கணக்கில் எழுதி எரித்துவிட்டார்கள். அதற்குப் பரிகாரமாகச் சாமி ஒரு கட்டளை போட்டார். இனித் தினமும் காலையில் கடலுக்குப் போன எல்லாத் தகப்பன்மாரும் சுகமாகத் திரும்பி வரும்படி பள்ளிக்கூடம் முழுவதும் மன்றாட வேண்டும். ஒரு பிள்ளை முன்னே நின்று சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்ல வேண்டும். குரல் துப்புரவான பிள்ளை யார் என்று பெரிய வாத்தியார் தேடினார். லூசியாவைப் பிடித்து முன்னே நிறுத்தினார்.

நான் தடுத்திருக்கலாம். இன்னும் நல்லது, ஒருவருக்கும் அவள்மேல் சந்தேகம் வராது என்று நினைத்தேன். தினமும் அவள் கைகூப்பி நின்று, "எங்கள் தகப்பன்மாரைச் சுகமாகக் கரை சேர்த்தருளும்" என்று சொல்வாள். குரல் ஒருநாளும் தடுமாறியதில்லை. அந்தத் தகப்பன் சோளகக் காற்றிலும் திரும்பி வந்தார், வாடைக் காற்றிலும் திரும்பி வந்தார். வள்ளங்கள் கவிழ்ந்த நாட்களிலும் அவர் மட்டும் நனையாமல் வந்து இறங்கினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏறெடுத்த செபங்களில் தவறாமல் கேட்கப்பட்டது அந்த ஒன்றுதான்.

அடுத்த வருடம் லூசியா பள்ளிக்கு வருவது நின்றது. ஆளனுப்பிக் கேட்டதற்கு, வீட்டில் வேலை கூட என்று மறுமொழி வந்தது. சாமி மாறிப் போனார், பெட்டியின் பூட்டுத் துருப்பிடித்தது. வலக்கைக் கதையை நான் என் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். என் சேவையில் ஒரே வெற்றி என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற வருடம் மடுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். காட்டுக்குள் கொட்டில் போட்டிருந்த சனத்துக்குள் ஒரு பெண் என்னைத் தேடி வந்து, "ரீச்சர், என்னைத் தெரியுதோ?" என்றாள். நாற்பதிலேயே தலை நரைத்திருந்தது. கூடவே இரண்டு பேரப்பிள்ளைகள். குரலில்தான் பிடித்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வலக்கையால் ஊற்றினாள். கோப்பையைத் தாங்கிய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றன.

"விரலுக்கு என்ன நடந்தது?"

"அது அப்பா. பள்ளிக்கூடத்தால நிப்பாட்டின வருசம்" என்றாள், வெயிலைப் பற்றிச் சொல்வது போல. "அவர் போன மாசிதான் செத்தவர். படுக்கையில, அவஸ்தைப் பூசுதல் எல்லாம் வாங்கி. ஊரே வந்தது."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, என்னிடம் இருந்த ஒரே நல்ல கதையை எடுத்தேன். அந்தத் துண்டு, சொல்வதெழுதுதல், பிரம்பு, வலக்கை எல்லாம் சொன்னேன். உன்னை நான் எப்படிக் காப்பாற்றினேன் பார் என்ற தொனியில் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ ரீச்சர்? அது நான் எழுதினதெண்டு?"

"பார்த்த உடனயே தெரியும் பிள்ளை."

பேரப்பிள்ளை ஒன்று அவளுடைய மடியில் ஏறியது. அதை இறக்கிவிட்டாள்.

"காசிமின்ர துண்டைச் சாமி கோயில்ல வாசிச்சவரெல்லே. அதாலதான் நானும் எழுதினனான். என்ரயையும் வாசிப்பார், வாசிச்சால் ஆரும் வந்து கேப்பினம் எண்டு. கடவுளுக்குச் சொல்ல எனக்கென்னத்துக்கு ரீச்சர் துண்டு?" பேரப்பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "ஒருத்தரும் வரேல்லை. ஆரின்ர எழுத்தெண்டு தெரியாமல்தான் வரேல்லையாக்கும் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ என்றாள். குடித்தேன். இத்தனை வருடமும் சாமியையும் பெரிய வாத்தியாரையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். அவர்களாவது எழுத்தை அடையாளம் காணாதவர்கள்.

தங்கச்சி, பெட்டி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். பிள்ளைகளிடம், வாசிக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் வாசியுங்கள். யாருடைய எழுத்தென்று தெரிந்தால், அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். அதற்குத் துணிவில்லை என்றால் என்னைப் போல மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு இருக்காமல், பெட்டியில் மறுபடியும் மெழுகுதிரியையே அடுக்குங்கள். அதற்குச் செய்த பெட்டிதான் அது.